மோசமான நாளில் நன்றியுணர்வுக்கு வருவது எப்படி: பிறர் நமக்காக விட்டுக்கொடுத்ததை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காலையிலிருந்து எதுவும் சரியாகப் போகவில்லை, வேலையில் ஏச்சு, வீட்டில் வாக்குவாதம், செய்து முடித்தது கெட்டுப்போய் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு நாளில் யாராவது வந்து "இருப்பதை நினைத்து நன்றியோடு இரு" என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். அதில் தப்பில்லை. அவர் என்ன செய்யச் சொல்கிறார் என்பதே அந்தப் பேச்சில் இல்லை.

என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒருவர் நமக்காக எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார், அந்த ஒரு சம்பவத்தை எடுத்து, காகிதத்தில் பிரித்து எழுதி, அன்றைக்கே அதை ஒரு செயலாக்குவது, இவ்வளவுதான் முறை. அரை மணி நேரம் பிடிக்கும். தனியாகவும் சிறு குழுக்களோடும் இதைச் செய்து, புதிதாக உட்காருபவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. மனம் இல்லாததால் தோற்பவர்கள் குறைவு. முதல் நான்கு படிகளைத் தாண்டிக் குதித்து நேராக ஐந்தாவதில் ஆரம்பிப்பதால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை.

## 1. இது எந்த நாளுக்கு என்று முதலில் பாருங்கள்

சாதாரணமாக மோசமான நாளுக்கு இது. கோபம், ஏமாற்றம், களைப்பு, "யாருமே எனக்கு இல்லை" என்ற அந்த ஒரு நாள் எண்ணம், இதற்கெல்லாம் கை கொடுக்கும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு மருத்துவரிடமோ, உங்கள் ஊரில் உள்ள உதவி எண்ணிலோ, குறைந்தது நம்பிக்கையான ஒருவரிடமோ இப்போதே பேசுங்கள். மனச்சோர்வில் இருப்பவரை உட்கார வைத்து பிறர் செய்த தியாகத்தை எண்ணச் சொன்னால் "இவ்வளவு பேர் இவ்வளவு செய்தும் நான் இப்படி இருக்கிறேனே" என்று தன்னையே அடித்துக்கொள்ளத்தான் அது பயன்படும். ஒருவர் உங்களை அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றாலும் இதே பதில்தான். அங்கே தேவை பாதுகாப்பு. அவர் முன்பு செய்த நல்லதை நினைத்துப் பொறுத்துக்கொள்வதற்கான கருவியாக இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

நெருங்கியவர் இறந்த துக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்ச நாள் பொறுக்கலாம். அந்த அழுகைக்கு அதன் நேரம் வேண்டும்.

## 2. பட்டியலை நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள்

முன்கூட்டிச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான், எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கோபமாக இருக்கும்போது மனம் கோபத்துக்குப் பொருத்தமான நினைவுகளையே மேலே கொண்டுவரும். "உனக்கு யார் என்ன செய்தார்கள்?" என்று அப்போது கேட்டால், செய்யாதவர்களின் பெயர்தான் வரிசையாக வரும். அதனால் மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் ஒரு நோட்டில் மூன்று பகுதியாகப் பிரித்து எழுதி வைத்துவிடுங்கள்.

முதல் பகுதி, நேரில் தெரிந்தவர்கள். வீட்டார் மட்டும் என்று நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர், பழைய சக ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர், ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்து இப்போது பேசாமலே போன நண்பர், எல்லோரும் வரலாம். பெயரை மட்டும் எழுதினால் போதாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சம்பவம் இருக்க வேண்டும். "அம்மா" என்று எழுதி வைத்தால் மோசமான நாளில் அது வெறும் சொல்லாகத்தான் தெரியும். "அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்த தேர்வு வாரம்" என்றால் உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்கிறது.

இரண்டாவது, பெயர் தெரியாதவர்கள். விபத்து நடந்த இடத்தில் நின்று உதவியவர், உங்களுக்கு ஏற்றிய ரத்தத்தைக் கொடுத்தவர், அவசரத்துக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த யாரோ ஒருவர்.

மூன்றாவது, நமக்கு முன்னால் வாழ்ந்தவர்கள். இங்கேதான் ஒரு எச்சரிக்கை. மனதைத் தொட்ட வீரக்கதைகளை எல்லாம் அள்ளிப் போடாதீர்கள், அவர்கள் செய்தது உங்கள் வாழ்க்கையை எங்காவது தொட்டிருக்க வேண்டும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் உறைந்துகிடந்த பொடோமாக் ஆற்றில் விமானம் விழுந்தபோது, ஹெலிகாப்டர் இறக்கிய கயிறு தன்னிடம் வந்த பிறகும் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் தான் மூழ்கிப்போன ஆர்லண்ட் வில்லியம்ஸை நினைத்தால் கண் கலங்கும். ஆனால் அந்தக் கயிற்றில் ஏறியவர் நானில்லை. எனக்கு வருவது வியப்பு, மரியாதை. நல்ல உணர்வுதான், ஆனால் நன்றி அது இல்லை. மோசமான நாளில் வியப்பு கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துவிட்டு இறக்கிவிட்டுவிடும். மாறாக, 2003இல் வியட்நாமின் ஹனோயில் புதுவிதக் காய்ச்சல் ஒன்று பரவுவதை முதலில் அடையாளம் கண்டு உலக சுகாதார அமைப்பை எச்சரித்துவிட்டு, அதே சார்ஸ் நோய் தொற்றி மார்ச் 29 அன்று இறந்துபோன மருத்துவர் கார்லோ உர்பானியை எடுத்துக்கொண்டால், அந்த எச்சரிக்கையால் நோய் அடங்கிய உலகத்தில்தான் நாம் எல்லோரும் இருந்தோம். இவர் பட்டியலில் வரலாம்.

பட்டியலில் சேர்க்கும்போதே கதை உண்மையா என்று பார்த்துவிடுங்கள். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின்போது தண்ணீர் நிரம்பிய தளத்துக்குள் இறங்கி வால்வுகளைத் திறந்த மூன்று பேர் சில வாரங்களிலேயே கதிர்வீச்சில் இறந்துவிட்டார்கள் என்று உருக்கமாக ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூவரும் இறங்கியது உண்மை. வாரங்களில் இறந்தார்கள் என்பது பொய். ஒருவர் 2005இல்தான் காலமானார், மற்ற இருவர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார்கள். கதை பொய் என்று ஒரு மோசமான நாளில் தெரியவந்தால், அதோடு சேர்ந்து மொத்த முயற்சியும் பொய்யாகத் தோன்றும். தவிர, சாகாமல் திரும்பி வந்ததால் அவர்கள் எடுத்த துணிச்சல் குறைந்துவிடவில்லை. உயிர் போனால்தான் தியாகம் என்ற கணக்கே தப்பு.

## 3. உட்காரும் முன்

தண்ணீர் குடியுங்கள், பசித்தால் சாப்பிடுங்கள், ஃபோனை வேறு அறையில் வையுங்கள். பசியும் களைப்பும் பாதி மோசமான நாளுக்குக் காரணம் என்பதை நம்மில் பலர் சாப்பிட்ட பிறகுதான் கண்டுபிடிக்கிறோம். நள்ளிரவு தாண்டிவிட்டால் தூங்கப் போய்விடுங்கள், காலையில் செய்துகொள்ளலாம்.

கையால் எழுதுங்கள். தட்டச்சில் வேகம் அதிகம், வேகமாக எழுதும்போது பழகிப்போன வாக்கியங்கள்தான் விழும்.

## 4. முதல் பக்கம் கெட்டதற்கு

நன்றி பற்றி ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன்னால், இன்றைக்கு என்ன நடந்தது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். நாகரிகம் பார்க்க வேண்டாம், யாரும் படிக்கப் போவதில்லை. "கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் வேலையைக் குப்பை என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்." இந்த அளவுக்கு நேராக இருந்தால் போதும்.

காரணம் எளிது. சொல்ல விடாமல் அமுக்கிய குறை, நீங்கள் அடுத்த பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வந்து நிற்கும். எழுதிவிட்டால், அது ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, மறந்துவிட மாட்டோம் என்று மனம் கொஞ்சம் விலகிக் கொடுக்கும். கடைசியில் இந்தப் பக்கத்துக்கே திரும்பி வரப்போகிறோம் என்பதால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒப்பிட ஆரம்பிப்பது. "ஆனால் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இதைவிட மோசமாக இருக்கிறது, நான் புலம்பலாமா?" என்று ஒரு வரி வந்து விழும். அதை அடித்துவிடுங்கள். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து நம் கஷ்டத்தை அளப்பது நன்றி ஆகாது, வெட்கம் ஆகும். வெட்கப்பட்ட மனம் வாயை மூடிக்கொள்ளுமே தவிர இளகாது. இன்னொன்றும் இருக்கிறது. பிறர் துன்பத்தை நம் ஆறுதலுக்காகப் பயன்படுத்திக்கொள்வது அவர்களுக்கும் நியாயமில்லை. நாம் தேடுவது நம்மைவிடப் பாவப்பட்டவரை இல்லை, நமக்காக ஒன்றைக் கொடுத்தவரை.

## 5. ஒரே ஒருவர், ஒரே ஒரு சம்பவம்

இப்போது நோட்டைத் திறந்து பட்டியலிலிருந்து ஒருவரை எடுங்கள். ஒருவர் மட்டும். பத்துப் பேரை வரிசையாக நினைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு நொடிதான் கிடைக்கும், ஒரு நொடியில் எந்த முகமும் தெளிவாகத் தெரியாது.

யாரை எடுப்பது? இன்றைக்கு உங்களைக் காயப்படுத்தியவரை எடுக்க வேண்டாம். "என் அண்ணன்தான் இன்று சண்டை போட்டார், ஆனால் எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறார், அவரையே எடுக்கிறேன்" என்று பெருந்தன்மையோடு ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக அது நடுவிலேயே விசாரணையாக மாறிவிடுகிறது. அவர் வேறொரு நாளுக்கு.

எதிர்பார்ப்போடு பின்னிக் கிடக்கும் உறவுகளையும் ஆரம்பத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. "உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுபவரை நினைத்தால் நெஞ்சு இறுகத்தான் செய்யும். 2006இல் பிலிப் வாட்கின்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. உதவி செய்தவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்பது கூடக் கூடக் கடன்பட்ட உணர்வு ஏறுகிறது, நன்றி இறங்குகிறது. முதல் சில தடவைகளுக்கு, எதையும் கேட்காமல் செய்துவிட்டுப் போன ஒருவரை எடுங்கள். பெற்றோரில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

## 6. மூன்று கேள்விகள்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். நன்றி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று 1968இல் டெஸ்ஸர், கேட்வுட், டிரைவர் ஆகிய மூன்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து, மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். உதவியவரின் நோக்கம், அது அவருக்கு வைத்த செலவு, அது நமக்குத் தந்த பயன். அதையே நான் மூன்று கேள்விகளாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் எதை இழந்தார்?
தெரிந்தேதான் செய்தாரா?
அதனால் எனக்கு என்ன கிடைத்தது?

முதல் கேள்வியை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. நமக்குக் கிடைத்ததை நாம் ஏற்கெனவே பழகிப்போய்விட்டோம், அது கண்ணில் படுவதில்லை. அவர் இழந்ததை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்த்ததே இல்லை, அதனால் அது புதிதாக இருக்கும்.

ஒரு குழுவில் ஒருவர் எழுதியதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். முதலில் இப்படித்தான் எழுதினார்: "அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் கூட வேலை பார்த்தவர் ரொம்ப உதவினார். அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்." எழுதிவிட்டு, ஒன்றும் தோன்றவில்லையே என்றார். தோன்றாது. அதில் ஆளும் இல்லை, இழப்பும் இல்லை.

முதல் கேள்வியைக் கேட்டோம். "என் நைட் ஷிஃப்டை எடுத்துக்கொண்டார்." எத்தனை நாள்? அந்த மாதம் முழுக்க. அவருடைய பகல் வேலை? அதையும் பார்த்தார். அப்போது அவர் வீட்டில் யார் இருந்தார்கள்? கொஞ்ச நேரம் பேனா அசையவில்லை. பிறகு எழுதினார்: "அவருக்குக் கைக்குழந்தை. பகலில் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருப்பார். ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்."

அந்தத் திருப்பிப் போட்ட சட்டை வந்த பிறகு அவருக்கு வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி ஒரு சின்ன, கண்ணால் பார்த்த விவரம் கிடைக்கும்வரை முதல் கேள்வியிலேயே இருங்கள். தூக்கம், பணம், நேரம், உடம்பு, பெயர், ஒரு வாய்ப்பு, ஒரு ஆசை, இவற்றில் எது போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் அநேகமாகக் கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்வி, தெரிந்தேதான் செய்தாரா? தற்செயலாக நடந்ததற்கும், வேறு வழி இல்லாமல் செய்ததற்கும், வேண்டாம் என்று சொல்லியிருக்க முடிந்தும் செய்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த சக ஊழியர் "முடியாது" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்தை வரியாக எழுதுங்கள். வேறு வழியே இல்லாமல் செய்யவைக்கப்பட்டவர் என்று இந்தக் கேள்வியில் தெரியவந்தால், உதாரணத்துக்குப் படிப்பை நிறுத்தச் சொல்லி வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு அக்கா என்றால், அதைத் தியாகம் என்று அழகுபடுத்தாதீர்கள். அவருக்கு நடந்தது அநியாயம், அதன் பலன் உங்களுக்கு வந்தது. அந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டு, இப்போது அவருக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பதுதான் நேர்மை. நன்றி சொல்லி மூடிவிட முடியாத கணக்கு அது.

தூரத்து மனிதர்களுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள். படம் எடுப்பவர் ஒரு தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். 1895இல் அந்தக் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில் அப்படி ஒரு தடுப்பு இருக்கவில்லை. கருவி வேலை செய்கிறதா என்று தங்கள் கையையே வைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து 1904இல் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் எக்ஸ்ரே ஆய்வகம் ஒன்றை நடத்திய மருத்துவர் மிஹ்ரான் கசாபியன் தன் கைகள் அழுகிப்போவதையும் விரல்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படுவதையும் தானே படம் எடுத்து, குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தன் மரணத்துக்குப் பிறகு யாருக்காவது அது பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். 1910இல் இறந்தார். இவர்களைப் போன்றவர்களுக்காக ஹாம்பர்க்கில் 1936இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

எதை இழந்தார்? கசாபியன் இழந்தது விரல்களை, பிறகு உயிரை. தெரிந்தேதான் செய்தாரா? ஆரம்பத்தில் இல்லை, ஆபத்து என்னவென்றே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் கையைப் படம் எடுக்க உட்கார்ந்தபோது தெரிந்தேதான் செய்தார். எனக்கு என்ன கிடைத்தது? எலும்பு முறிந்தபோது பயமில்லாமல் போய்ப் படுத்துவிட்டு எழுந்து வர முடிந்தது. பாருங்கள், இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை. அப்படி வராத இடத்தில்தான் ஒரு மனிதர் நன்றாகத் தெரிவார்.

## 7. அது நடக்காமல் போயிருந்தால்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வறட்சியாக வருகிறது என்றால் மட்டும் இந்தப் படி. கிடைத்ததை எண்ணுவதை விட்டுவிட்டு, அது நடக்காமலே போயிருந்தால் அடுத்த வாரம், அடுத்த வருடம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள். 2008இல் வெளியான ஒரு ஆய்வில், வாழ்க்கையில் நடந்த நல்லது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது எப்படி நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கே மனநிலை அதிகம் மேம்பட்டது. பழகிப்போன ஒன்று மறுபடியும் ஆச்சரியமாகிவிடுவதுதான் காரணம்.

மிகைப்படுத்த வேண்டாம். "அவர் இல்லையென்றால் நான் இன்று உயிரோடே இருந்திருக்க மாட்டேன்" என்பது சில சமயம் உண்மை, பல சமயம் வசனம். "விடுப்பு கிடைக்காமல் அப்பாவின் கடைசி வாரத்தில் பாதியைத் தவறவிட்டிருப்பேன்" என்பது போல நடந்திருக்கக்கூடியதை எழுதுங்கள். அது சின்னதாக இருந்தாலும் நிற்கும்.

## 8. குற்ற உணர்வு எட்டிப் பார்த்தால்

எட்டிப் பார்க்கும். "நான் சிரித்தேனே", "நன்றிகூட சொல்லவில்லையே", "இதற்கெல்லாம் நான் தகுதியா?" என்று வரிசையாக வரும். முறை தோற்றுவிட்டது என்று இங்கே நோட்டை மூடிவிடுபவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுங்கள்.

எழுவாய் யார் என்று பாருங்கள். நீங்கள் எழுதிய வரிகளில் "நான், நான்" என்று நிறைந்திருந்தால் கவனம் அவரை விட்டு உங்கள் மேல் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த மூன்று வரிகளை "அவர்" என்று ஆரம்பித்து எழுதுங்கள். அவர் என்ன நினைத்திருப்பார், எதற்காகச் செய்திருப்பார், அவருக்கு நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும். அநேகமாக, நீங்கள் உட்கார்ந்து உங்களையே நொந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசையாக இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய பாரத்தை ஒரு மனிதர் சுமந்திருக்கிறார். 1941இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்டினி போட்டுக் கொல்வதற்காகப் பத்துப் பேரைப் பிரித்து நிறுத்தியபோது, மனைவி மக்களை நினைத்துக் கதறிய ஃபிரான்சிஷெக் கயோவ்னிசெக் என்ற கைதிக்குப் பதிலாகத் தான் போவதாக மேக்சிமிலியன் கோல்பே என்ற பாதிரியார் முன்வந்தார், போனார், ஆகஸ்ட் 14 அன்று கொல்லப்பட்டார். கயோவ்னிசெக் அதன் பிறகு 1995 வரை வாழ்ந்தார். தனக்காக இறந்தவரைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பித் தரவே முடியாத ஒன்றைப் பெற்றவர் அதைச் சுமந்துகொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் அவர் வாழ்க்கைதான்.

## 9. அன்றைக்கே ஒரு செயல்

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாக இருக்கும், அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். படுக்கப் போவதற்குள் ஒரு செயல் வேண்டும், சின்னதானாலும் பரவாயில்லை. உணர்வு காலையில் ஆறிப்போகும், செய்தது மட்டும் இருக்கும்.

அவர் உயிரோடு இருக்கிறார், தொடர்பும் இருக்கிறது என்றால் எழுதி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். அந்தச் சம்பவம், அவர் இழந்தது என்று நீங்கள் இப்போது புரிந்துகொண்டது, அதனால் உங்களுக்குக் கிடைத்தது, மூன்றும் இருந்தால் போதும். "இவ்வளவு வருடம் கழித்து இதைச் சொன்னால் என்ன நினைப்பார்?" என்ற கூச்சம் எல்லோருக்கும் வருகிறது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்ளியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாக எண்ணினார்கள், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைவாகக் கணித்தார்கள். ஆகவே அனுப்பிவிடுங்கள். இரண்டு விஷயங்களை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்: உங்கள் இன்றைய புலம்பல், ஒரு உதவிக் கோரிக்கை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் மொத்தக் கடிதமும் அதற்காகத்தான் வந்தது போலாகிவிடும். பதில் வரவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள்.

அவர் இல்லை, அல்லது யாரென்றே தெரியாது என்றால், அவர் கொடுத்ததைப் போன்ற ஒன்றை வேறொருவருக்குக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் இதைச் செய்தவர். 14 வயதில் பெரிய நெஞ்சு அறுவைச் சிகிச்சை, முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். 18 வயதானதும், 1954இல், தானும் கொடுக்கத் தொடங்கினார். அவருக்கு ஊசி என்றால் பயம், குத்தும்போது பார்க்கவே மாட்டார். அவர் ரத்தத்தில் ஒரு அரிய எதிர்ப்பொருள் இருப்பது பிறகு தெரியவந்தது. தாயின் ரத்தமும் கருவில் இருக்கும் குழந்தையின் ரத்தமும் ஒத்துப்போகாத நிலையில் குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி மருந்து செய்ய அது உதவியது. 2018இல் வயது வரம்பு காரணமாக நிறுத்தும்வரை 1,173 தடவை கொடுத்திருந்தார். அந்த மருந்து சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காத்ததாக மதிப்பிடுகிறார்கள். அவருடைய மகளுக்கே அது தேவைப்பட்டது.

உங்களை 1,173 தடவை போகச் சொல்லவில்லை. உங்கள் ஷிஃப்டை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றால், இப்போது வீட்டில் நோயாளியோடு அல்லாடும் ஒரு சக ஊழியரிடம் "இந்த வாரம் ஒருநாள் நான் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். இன்றைக்குச் சொல்லிவிட்டால் போதும், செய்வது வெள்ளிக்கிழமை ஆகட்டும்.

உணர்ச்சி வேகத்தில் பெரிய வாக்கு கொடுப்பதும் ஒரு வழக்கமான தவறு. மோசமான நாளின் இரவில் கொடுத்த வாக்கைக் காலையில் காப்பாற்ற முடியாமல் போய், அதுவே அடுத்த மோசமான நாளுக்குக் காரணமாகிவிடும். முடிந்ததில் பாதியைச் சொல்லுங்கள்.

## 10. முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

நான்காவது படியில் எழுதிய பக்கத்தை இப்போது எடுங்கள். நன்றியுணர்வு வந்ததால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, கூட்டத்தில் உங்களை அவமானப்படுத்தியவர் செய்தது இன்னமும் தப்புதான். இப்போது மாறியிருப்பது, அதைப் பார்க்கும் உங்கள் நிதானம்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "நாளை பேச வேண்டும்", "காத்திருக்கலாம்", "விட்டுவிடலாம்". சண்டைக்கு நடுவில் எல்லாமே உடனே பேச வேண்டியதாகத் தெரிந்திருக்கும், இப்போது ஒன்றிரண்டுதான் அப்படித் தெரியும். அந்த ஒன்றிரண்டை மட்டும் கண்டிப்பாகப் பேசுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் நன்றி என்பது வாயை மூடிக்கொள்ளும் பழக்கமாகிவிடும், அதைவிட அடிக்கடி நான் பார்த்து வருத்தப்படும் தவறு வேறில்லை.

## 11. எவ்வளவு அடிக்கடி செய்யலாம்?

தினமும் வேண்டாம். சோன்யா லூபோமிர்ஸ்கியும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆறு வாரச் சோதனை ஒன்றில் வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று தடவை எழுதியவர்களுக்கு இல்லை என்று தெரியவந்தது. வாரம் ஒரு தடவைக்கு மேல் போனால் அது சடங்காகிவிடுகிறது என்பதுதான் என் கணிப்பும். ஒரே ஆளையே திரும்பத் திரும்ப எடுக்காமல் பட்டியலில் மாறி மாறிப் போங்கள். பயன்படுத்திய பெயருக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள்.

சில நாள் எல்லாப் படியையும் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் நடக்காது, மனம் கல் மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒன்பதாவது படியை மட்டும் செய்துவிட்டுத் தூங்குங்கள். உணர்வு வந்தால்தான் கடிதம் எழுத வேண்டும் என்பதில்லை, அவர் உங்களுக்காகச் செய்த அன்றைக்கு அவருக்கும் என்ன மனநிலையோ. அப்புறம், பட்டியலில் இன்னும் சம்பவம் எழுதாமல் வெறும் பெயராக நிற்பவை இருந்தால், அடுத்த நல்ல நாளில் முதலில் அவற்றை நிரப்புங்கள்.